லாரி டியூபும் துடுப்பு மிதவையும்

மந்தைவெளிப் பக்கத்துப் பஞ்சர் கடையில் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு ஓரமாய்க் கிடக்கும் லாரி டியூபைக் கெஞ்சி வாங்கி, காற்றடித்து, பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்பதால் அடையாறு பாலத்தின் மேல் உருட்டிக்கொண்டே எலியட்ஸ் கடற்கரைக்குப் போனவர்கள் உங்களிலும் இருப்பார்கள். வால்வு வயிற்றைக் கீறும். வெயிலில் சூடான ரப்பர் வாசனை வீடுவரை கூடவே வரும். 1930-ல், மூழ்கிய ஒருவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் நினைவிடத்து நிழலில்தான் சட்டைகளைக் கழற்றிப் போடுவோம்.

ஊரூர் குப்பத்துப் பெரியவர் ஒருவர் எங்களைக் கட்டுமரத்தில் ஏற்றிக்கொள்வார். "மரம் முழுகாது தம்பி, நீ அத்த வுட்டாத்தான் முழுகிடுவே" என்பார். அலை கவிழ்த்தாலும் மரம் மிதக்கும், ஏறிவந்த தண்ணீர் இடுக்குகள் வழியே தானே இறங்கிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகிவிட்ட கரையில் இன்று கட்டுமரத்தைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

அண்ணன் மகள் இப்போது கோவளத்தில் கயாக் ஓட்டுகிறாள். மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கில் தண்ணீர் வடியத் துளைகள் உண்டு, கவிழ்ந்தால் நிமிர்த்தி ஏறிவிடலாம், அது கட்டுமரத்துப் பேத்தி. அவளுடையதோ உள்ளே கால் நீட்டி உட்காரும் ரகம். அதற்குத்தான் துடுப்பு மிதவை: துடுப்பின் ஒரு நுனியில் மாட்டி, துடுப்பைக் கயாக்கின் குறுக்கே வைத்து மிதவையைத் தண்ணீரில் கிடத்தினால் படகு புரளாது, பின்பக்கம் குப்புற ஏறி, காலை உள்ளே நுழைத்துத் தண்ணீரை இறைக்கலாம்.

"எதை வாங்கறது சித்தப்பா?" என்றாள். காற்றடிக்கும் மிதவை சுருட்டினால் கையடக்கம். தாங்கும் பலமும் அதிகம். இரண்டு அறை உள்ளதென்றால் ஒன்று ஓட்டையானாலும் மற்றது காக்கும். ஆனால் நம் கடல் அலையில், நழுவும் கயாக்கைக் காலால் பிடித்தபடி வாயால் ஊதிப் பார்த்தால்தான் அந்தப் பாடு தெரியும். ஃபோம் மிதவை இடத்தை அடைத்தாலும் மாட்டிய நொடியே வேலைக்கு ஆகும். என் ஓட்டு ஃபோமுக்குத்தான். உடம்பில் போடும் மிதவை ஜாக்கெட் 50 நியூட்டன் மிதப்பு ரகமென்றால் கை தாராளமாக வீசும், ஏறுவதும் எளிது. ஆனால் மயங்கியவரை அது மல்லாத்தாது, நீந்தத் தெரிந்திருக்க வேண்டும், உதவிக்கு ஆள் அருகில் இருக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் ஒரு வேண்டுகோள்: ஆழத்துக்குப் போகுமுன், அமைதியான நீரில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கவிழ்ந்து பலமுறை ஏறிப் பழகுங்கள்.