ரேடியோ நெல் கோட்பாடு: ஊடகத் துறவு குறித்து ஓர் ஆடுதுறை ஆய்வு

சமூக ஊடகத்தை விட்டு விலகுவோர் இரு வகையினர்: சொல்லிக்கொண்டு போகிறவர், சொல்லாமல் போகிறவர். முன்னவரைப் பற்றிய தரவுகளுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களே எழுதிப் பதிவிட்டுவிடுகிறார்கள். "நண்பர்களே, சில காலம் முகநூலிலிருந்து விடைபெறுகிறேன்" என்று ஓர் அறிவிப்பு, "ஏன் அண்ணே, என்னாச்சு?" என்று கீழே விசாரிப்புகள், விசாரித்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி முடிக்கும்வரை விடைபெற்றவர் அங்கேயே இருந்தாக வேண்டும். இதைத் துறவு என்பதைவிட வழியனுப்பு விழா என்பதே பொருந்தும். பின்னவரோ தடயம் வைப்பதில்லை. ஒருநாள் கும்பகோணம் கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் பேனரில் சிரிக்கும் கதாநாயகன் யாரென்று அவருக்குத் தெரிவதில்லை. தெரியவில்லையே என்ற வருத்தமும் இல்லை. நோய் முற்றியிருப்பது, அதாவது குணமாகியிருப்பது, அப்போதுதான் வெளியே தெரிகிறது. இந்த இரண்டாம் வகையே மெய்யான விலகல் என்பது இக்கட்டுரையின் துணிபு. தடயமில்லாததை எப்படி நிறுவுவது என்றால், தஞ்சாவூர் வயலில் தடயம் இருக்கிறது.

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-லிருந்து இயங்கிவருகிறது. ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் கலந்து 1960-களில் அங்கிருந்து வந்த குறுகிய காலப் பயிர் ஆடுதுறை 27. பேக்கேஜ் திட்டம் எனப்பட்ட தீவிர வேளாண் திட்டத்துக்கு நாட்டில் முதலில் பொறுக்கியெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆகவே அதிகாரிகளுக்கு இந்த நெல்லை ஊர் ஊராகப் பரப்பும் அவசரம் இருந்தது. 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலி அதைப் பரப்பியது. வானொலி சொல்லச் சொல்ல ஜனங்கள் நட்டார்கள். எண்ணைச் சொல்லிக் கூப்பிட மனமில்லாத குடியானவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஆடுதுறை 36 வந்தது, 43 வந்தது. ரேடியோ நெல்லை எதிர்த்து எந்த ஊரும் தீர்மானம் போடவில்லை. வரப்பில் நின்று எவரும் விடைபெறவில்லை. ஒரு வருஷம் அறுப்பு முடிந்ததும் அதற்கு விதைநெல் எடுத்துவைக்கவில்லை, அவ்வளவுதான். மேட்டூர் திறக்கும் அடுத்த ஜூனில் நாற்றங்காலில் வேறு நெல் முளைத்திருந்தது. விலகிய நாள் இன்னதென்று பஞ்சாங்கத்தில் எவராலும் குறிக்க முடியாது.

நெல்லும் ரீல்ஸும் ஒன்றா என்பார்கள். வாதத்துக்கு வேண்டிய ஒற்றுமை ஒன்றே: இரண்டும் பிறர் சொல்லி நம்மிடம் வந்தவை, நாம் மறுபடி விதைத்தால்தான் தொடர்பவை. ஒரு செய்தியை அடுத்த குழுவுக்கு ஃபார்வர்டு செய்யாவிட்டால் நம் வரப்போடு அதன் ஆயுசு முடிந்தது. வலுவான மறுப்பு வேறு: அவர்கள் நெல்லை விடவில்லையே, 27-ஐ விட்டு 36-க்குத்தானே போனார்கள், முகநூலை விட்டு இன்ஸ்டாகிராமுக்குக் குடிபோனவனைத் துறவி என்பதா? நியாயமான கேள்வி, பாதி விடைதான் உண்டு. சோறு வேண்டுமென்றால் ஏதோ ஒரு நெல்லை நட்டாக வேண்டும். கதாநாயகனின் பிறந்தநாள் காணொளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை; கைப்பேசி தரிசாகவே கிடக்கலாம். மாற்றுப் பயிர் வைத்தவர்களை இந்த ஆய்வு விலகியவராகச் சேர்க்கவில்லை. அதனால் எண்ணிக்கை படுத்துவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இன்னொரு சாரார் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கை காட்டுவார்கள். ஆதிரங்கத்தில் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தி, 2 கிலோ விதை கொடுத்து மறுவருஷம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கி, 170-க்கும் மேற்பட்ட மரபு ரகங்களை மீட்டவர், 2018-ல் மறைந்த நெல் ஜெயராமன். புது ரக மோகத்தை ஊரறிய உதறிய அவர் வென்றாரே, சொல்லிக்கொண்டு போவதில் என்ன குறை? குறை ஒன்றுமில்லை, ஆனால் அது விலகல் அல்ல, எதிர்ப் பிரசாரம். மிக நல்ல பிரசாரம். அதன் பயனாக மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் இன்று யூடியூப் நட்சத்திரங்கள். ரேடியோ நெல்லுக்கோ அந்த யோகமில்லை: மரபு என்று கொண்டாட வயது போதாது, குறுவைக்கு நட வயது அதிகம். பத்து வருஷத்துக்கு முன் தெருவெல்லாம் ஒலித்து, இன்று பல்லவியே நினைவுவராத சினிமாப் பாட்டுக்கும் இதே கதி. மீட்க ஆளில்லாத அந்தப் பிரதேசத்தில்தான் இரண்டாம் வகையினர் குடியிருக்கிறார்கள். கேள்விப் படிவத்தோடு போனால் டிகிரி காபி கிடைக்கும், படிவம் நிரம்பாது.