எஸ்.எஸ். தகட்டில் ஓட்டை: எண்ணெய் குறித்த ஒரு பூர்வாங்க ஆய்வு

கெட்டியான உலோகத்தில் ஓட்டை போடும்போது எந்த எண்ணெய் விடுவது என்ற சிக்கலை அறிஞர் உலகம் இதுவரை போதிய அளவு குழப்பவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம், கோவையில் ஒரு லேத் பட்டறை. ஆய்வுப்பொருள், 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு, 100-க்குச் சுமார் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல்.

முதலில் வகைப்பாடு. வார்ப்பிரும்புக்கு எண்ணெய் வேண்டாம், உள்ளேயே கிராஃபைட் இருக்கிறது. பித்தளைக்கும் பெரும்பாலும் வேண்டாம். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். இவற்றில் யாரும் சண்டை போடுவதில்லை என்பதால் இவை ஆய்வுக்கு உதவா.

முன்னோடி ஆய்வாளர் எஃப். டபிள்யூ. டெய்லர். 26 ஆண்டுகளில் 8 லட்சம் பவுண்டு இரும்பைச் சீவித் தள்ளிவிட்டு, 1906-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் முடிவுகளை வைத்தார். வெட்டுமிடத்தில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் வேகத்தை ஏறக்குறைய 30 முதல் 40 சதம் வரை கூட்டலாம் என்றார். கையை அழுக்காக்கிக்கொண்டு கண்ட முடிவு என்பதால் நம் துறையில் இதற்கு மதிப்பெண் கிடையாது.

இன்றைய பள்ளிகள் மூன்று. கூலன்ட் பள்ளியார் 1 பங்கு எண்ணெயை 20 பங்கு தண்ணீரில் கலந்து பால்போல் ஓடவிடுவர். கந்தக எண்ணெய்ப் பள்ளியார் கூற்றில் நியாயம் உண்டு: சூட்டில் கந்தகம் இரும்போடு சேர்ந்து மெல்லிய படலமாகிறது, உலோகச் சுருள் டிரில் பிட்டில் ஒட்டிக்கொள்வதில்லை. நியாயம் இருப்பதால் மேலே பேச ஒன்றுமில்லை.

தேங்காய் எண்ணெய்ப் பள்ளியே ஆழ்ந்த ஆய்வுக்கு உரியது. டேப் போட (ஓட்டைக்குள் மரை வெட்ட) அதுவே சிறந்தது என்பது பழைய மரபு (பட்டறைச் சுவர், சாக்பீஸ் குறிப்பு, ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே). ஆனால் அது சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா? முதலாளியின் தலையெண்ணெய்தான் என்பர் ஒரு சாரார் (முதலாளி இல்லாத நேரத்தில் கூறியது). சுமார் 24 டிகிரியில் அது உறைவதால், மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் ஆணியை விட்டு நோண்டி எடுத்தது எண்ணெயாகுமா, கிரீஸாகுமா என்ற கிளைச்சிக்கலும் எழுகிறது. எண்ணெயே என்கிறது மூலபாடம் (அதே சுவர், ஆயுதபூஜை வெள்ளையடிப்புக்கு முந்தைய அடுக்கு, டீக்கடைப் பாக்கிக்குக் கீழ் இரண்டாம் வரி, சந்தனம் தெறித்து ஓரெழுத்து சிதைவு, அவ்வெழுத்தே இல்லை என்பார் பக்கத்துப் பட்டறை உரைகாரர், அவர் சுவரைப் பார்த்ததில்லை, ஆயினும் அவர் உரையே பாடத்திட்டத்தில் உள்ளது). இதை வலுப்படுத்தும் இன்னொரு சான்று என் முந்தைய கட்டுரை. அது இக்கட்டுரையில் மேற்கோள் காட்டுவதற்காகவே எழுதப்பட்டது.

இனி சோதனை. 10 மி.மீ. பிட். மூன்று பள்ளியாரும் முறைவைத்து எண்ணெய் விட்டனர். பிட் வீலென்று கத்தியது, புகைந்தது, முனை நீலமாயிற்று. ஓட்டை விழ வேண்டிய இடத்தில் கண்ணாடி போல ஒரு பளபளப்பு மட்டும். எண்ணெயில் கலப்படம் என்று முடிவாகி, துணைக்குழு அமைக்கும் தறுவாயில் ஹெல்பர் பையன் குறுக்கிட்டான்:

“அண்ணா, ஸ்பீடு ஜாஸ்திங்க. லேசா அமுக்கி உரசிட்டே இருந்தா எஸ்.எஸ். இறுகிப்போகுமுங்க. பெல்ட்ட மெதுவான படிக்கு மாத்தட்டுங்களா?”

கேட்டானே தவிர அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. நிமிடத்துக்கு 400 சுற்றுக்குள் இறக்கினான். கோபால்ட் பிட் ஒன்றை மாட்டி, தகட்டின் மறுபக்கத்தில் புதிதாகப் பஞ்ச் அடித்து, கைப்பிடியில் உடம்பின் பாரத்தை விட்டு விடாமல் அழுத்தினான். கையில் கிடைத்த கட்டிங் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டான். இரண்டு பக்கமும் நீளமாகச் சுருள் வந்தது, ஓட்டை விழுந்தது. எந்தப் பள்ளியின் எண்ணெய் என்று கேட்டதற்கு டப்பாவில் லேபிள் இல்லை என்றான்.

லேபிள் இல்லாத சான்றை ஆய்வுலகம் ஏற்பதில்லை. தவிர, தகட்டில் ஓட்டை விழுந்துவிட்டபடியால் ஆய்வுப்பொருளும் சேதமாகிவிட்டது. புதுத் தகடு கேட்டு நிதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அது வரும்வரை பையனை மெஷின் பக்கம் விட வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.