பாடலாத்ரி கிரிவலமும் ‘சூப்பர் மாரியோ கேலக்ஸி 2’ ஆட்டமும்: ஓர் ஒப்பாய்வு

சிங்கப்பெருமாள் கோவில் பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக் கோயிலில் வீற்றிருக்கிறார். கருவறை பாறைக்கு உள்ளேயே இருப்பதால், மூலவரைச் சுற்ற நினைப்பவர் மலையையே சுற்றியாக வேண்டும். மலை சிறியது. ஊர்க்கதை பேசிக்கொண்டு நடந்தாலும் சில நிமிடங்களில் செருப்பு விட்ட இடத்துக்கு வந்துவிடலாம். நிண்டெண்டோவின் டோக்கியோ குழு 2007இல் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ கேலக்ஸி’யிலும், 2010 மே மாதம் வந்த அதன் இரண்டாம் பாகத்திலும் மீசைக்காரர் ஒருவர் செய்வதும் இதுவே. கையகலக் கோள் ஒன்றில் இறங்குகிறார், சுற்றுகிறார், புறப்பட்ட இடத்துக்கே வருகிறார். இந்த ஒற்றுமையை ஆன்மிக இதழ்களும் கண்டுகொள்ளவில்லை, விளையாட்டு இதழ்களும் கண்டுகொள்ளவில்லை. புலமை உலகின் இந்த அலட்சியத்தை இனியும் பொறுப்பதற்கில்லை.

கோள் ஏன் உருண்டை? முப்பரிமாண ஆட்டங்களில் புதியவர்கள் வழி தவறுகிறார்கள், சிலருக்குத் தலையும் சுற்றுகிறது. உருண்டைக்கு ஓரமும் இல்லை, மூலையும் இல்லை. நேரே நடந்தால் போதும், தொடங்கிய இடம் தானாக வரும். முதல் பாகத்தின் இயக்குநர் யோஷியாகி கொய்சுமி குழுவினர் இதை உணர்ந்துதான் கோள்களை வடித்தார்கள். பல்லவர் காலத்துக் குடைவரைக்கு வந்த பக்தர்களுக்கு இந்த வசதி எப்போதோ கிடைத்துவிட்டது. ‘திருவண்ணாமலையை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: அது 14 கிலோமீட்டர். நடுவில் சுக்குக் காபி, இளநீர், லிங்கங்கள், கால் வலி. அதை ‘திறந்த உலக’ ஆட்டங்களோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்குத் தனி ஆய்வாளர் வரட்டும்.

ஆய்வுக்களம், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. கருவி, சித்தப்பா நியூ ஜெர்சியிலிருந்து பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த நிண்டெண்டோ ‘வீ’ (Wii). அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, நம் சுவரில் வருவது 230. ஆகவே ரிச்சி தெருவில் ஒரு ஸ்டெப்-டவுன் வாங்கிய பிறகே ஆய்வு தொடங்கியது. அந்தக் கனத்த பெட்டி ஆட்ட நேரம் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். நரசிம்மர் ஊரில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. வீயில் வட்டுகளுக்கு நாட்டுப் பூட்டும் உண்டு. ஐரோப்பிய வட்டை அமெரிக்கக் கருவி ஏற்காது, அதனால் வட்டும் சித்தப்பா வழியாகவே வர வேண்டியிருந்தது.

காலம் 2012. வீட்டுமனை விற்பவர்கள் இந்த ஊரைச் ‘சென்னைக்கு மிக அருகில்’ என்பார்கள். மின்வெட்டு அட்டவணை மட்டும் அதை ஒப்புக்கொண்டதில்லை. நல்லவேளையாக ஆட்டம் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளும். கரண்ட் போனால் கையிலிருந்த சுற்று மட்டுமே போகும்.

இனி ஆய்வின் மையக் கேள்வி: இரண்டாம் பாகம் எதற்கு? சினிமா பார்த்துப் பழகிய நாம் கதையைத் தேடுவோம். இதில் கதை ஒரு வரிதான். இளவரசி கேக் சாப்பிட வரச் சொல்கிறாள். போவதற்குள் பூதாகரமான பௌசர் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். கேக்குக்குக் கிளம்பியவர் 242 நட்சத்திரம் சேர்க்கிறார். முதல் பாகத்தில் நட்சத்திரக் கூடத்துத் தலைவி கதைப் புத்தகம் படித்துக்காட்டுவாள். இரண்டாம் பாகம் அதையும் எடுத்துவிட்டு, மாரியோவின் தலை வடிவில் ஒரு கப்பலைக் கொடுத்து ‘போ’ என்கிறது. முதலில் இதைச் சில மாற்றங்களோடு ‘1.5’ ஆக ஓராண்டில் முடிக்கத்தான் திட்டம். யோசனைகள் பெருகி இரண்டு ஆண்டுக்கும் மேல் இழுத்து, புது ஆட்டமாகவே ஆயிற்று.

‘அதே மலை, அதே பாதை’ என்று குறை சொன்ன விமர்சகர்கள் மூன்று சுற்று வந்தவர்களைக் கேட்டதில்லை போலும். முதல் சுற்றில் கால் கல்லைப் பார்க்கிறது. இரண்டாவதில்தான் பின்பக்கத்து அழிஞ்சில் மரமும் அதில் கட்டிய வேண்டுதல்களும் கண்ணில் படுகின்றன. இரண்டாம் பாகம் என்பது இரண்டாம் சுற்று. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள், நிரூபணமும் இதுவே. வேறு நிரூபணம் கேட்பவர்கள் மலைக்கு வரலாம்.

ஆட்டம் இதற்கு ஒத்துழைக்கவும் செய்கிறது. 120 நட்சத்திரம் சேர்த்த பிறகுதான் அதே கோள்களில் 120 பச்சை நட்சத்திரங்கள் முளைக்கின்றன. தெரிந்த இடம்தான், ஆனால் இதுவரை யாரும் பார்க்காத மூலையில். இங்கேயும் மூலவரின் நெற்றிக்கண் வந்தவுடன் தெரியாது. தீபாராதனையின்போது அர்ச்சகர் திருமண்ணை விலக்கிக் காட்டினால்தான் உண்டு.

களத்தில் கண்ட இன்னொரு செய்தி, ‘இந்த ஆட்டமெல்லாம் வயசானவங்களுக்குப் புரியாது’ என்னும் மறைமலை நகர் டியூஷன் பையன்களின் கொள்கையைத் தகர்க்கிறது. அந்த வீட்டுப் பேரன் தட்டையான கோளின் மேற்பரப்பிலேயே நட்சத்திரத்தைத் தேடித் தவித்தபோது, பௌர்ணமிதோறும் மலை சுற்றும் ஆயா பாயில் உட்கார்ந்தபடி சொன்னது: “டேய், பின்னால போய்ப் பாருடா. அங்கதான் வெச்சிருப்பான்.” அங்கேதான் வைத்திருந்தான். மாரியோ தலைகீழாகத் தொங்கியதைக் கண்டு பேரன் கழுத்தைச் சாய்த்தான், ஆயா சாய்க்கவில்லை.

பல முறை செத்தால் ஓர் ஆவி தோன்றி ‘நானே ஆடிக் காட்டட்டுமா?’ என்று கேட்கும். சம்மதித்தால் வெண்கல நட்சத்திரம்தான் கிடைக்கும். நேர்த்திக்கடனை ஆள் வைத்துச் செலுத்துவதன் மதிப்பை இவ்வளவு துல்லியமாக வேறு யாரும் நிர்ணயித்ததில்லை.

இரண்டாவது ஆட்டக்காரரின் நிலை தனி ஆராய்ச்சிக்குரியது. முதல் பாகத்தில் அவருக்குத் திரையில் சுட்டும் புள்ளி மட்டும்தான். இரண்டாம் பாகத்தில் ‘லூமா’ என்னும் ஆரஞ்சு நிறக் குட்டி நட்சத்திரமாகப் பதவி உயர்வு: எதிரியைச் சுழன்று அடிக்கலாம், சிதறிக் கிடக்கும் நட்சத்திரத் துணுக்குகளைப் பொறுக்கலாம். ஆயாவுக்கு அடிதடியில் விருப்பமில்லை. ரிமோட்டை நீட்டித் துணுக்குகளை மட்டும், ஒன்று விடாமல் பொறுக்கினார். “ஆயா, நீ சும்மா சில்லறை பொறுக்கிக்கிட்டு இரு” என்றான் பேரன்.

பேரன் 241 நட்சத்திரம் சேர்த்துவிட்டான். கடைசி ஒன்று வர மறுத்தது. ஒரே ஓர் அடி பட்டாலும் தொடக்கத்துக்கே தள்ளும் அந்த இறுதிச் சோதனை, கப்பலில் நிற்கும் காளான்தலை வங்கிக்காரரிடம் 9999 துணுக்குகளை முதலீடு செய்யாமல் திறக்காது. கணக்கில் இன்னும் துண்டு விழுந்தது. பேரன் இரண்டாவது ரிமோட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனான். ஆயா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “சீரியல் முடியட்டும்டா” என்றார்.