டயருக்குக் காற்று, நமக்கு வேர்வை

மணலில் இறங்குமுன் டயர் காற்றை 32 பிஎஸ்ஐயிலிருந்து 18-க்கு இறக்குவார்கள். டயர் அகன்று உட்கார்ந்து, புதையாமல் போகும். தார் ரோடு ஏறியதும் திரும்ப ஏற்ற வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் போதும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அதுதான் என் மச்சானிடம் ஸ்டாக் இல்லை. ஜீப்பின் ஏசி கம்ப்ரெஸரையே காற்றடிக்கும் மிஷினாக்கிவிட்டார். இன்ஜின் பெல்ட் சுற்ற, கிளட்ச் ‘டக்’கென்று பிடிக்க, டயர் கும்மென்று நிமிர்கிறது.

சிக்கல் ஆயிலில். ஏசியில் அது கேஸோடு கலந்து சுற்றித் திரும்பி வரும். காற்று ஒருவழிப் பயணி. ஆயிலையும் கூட்டிக்கொண்டு வெளியேறிவிடும். எனவே எண்ணெய் சொட்டவிட முன்னால் ஒரு குப்பி, தப்பியதைப் பிடிக்கப் பின்னால் ஒரு குப்பி. காலையும் மாலையும் பானட்டைத் திறந்து இரண்டையும் சேவிக்கிறார்.

மே மாத வெயிலில் ஜீப்பில் ஏறிய என் மனைவி, “அண்ணா, ஏசி எங்கே?” என்றாள்.

“அதான் நாலு டயர்லயும் இருக்கே!”

இதுவரை அவர் பார்த்த மணல், வீடு கட்ட இறக்கிய லோடு. காற்றேற்றியது எதிர்வீட்டுப் பையனின் சைக்கிளுக்கு. அப்புறம் அவன் பிறந்தநாள் பலூன்களுக்கு. ஒன்று வெடித்ததில் கேக் மேலெல்லாம் பொட்டுப்பொட்டாக ஆயில்.