ஓதமும் டைடும்

பிரிஸ்டல்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

மகாராஜராஜஸ்ரீ மாமா அவர்களுக்கு,

குளிர் எப்படி, ராணியைப் பார்த்தாயா, உருளைக்கிழங்கைத் தவிர வேறு ஏதாவது சாப்பிடுகிறாயா என்று தாங்கள் கேட்டிருந்த மூன்று கேள்விகளுக்கும் முறையே அதிகம், இல்லை, இல்லை என்று பதில் எழுதிவிட்டு, கடிதத்தின் மீதி இடம் முழுவதையும் ஓர் ஆங்கிலச் சொல்லின் விருத்தாந்தத்திற்கே செலவிடப் போகிறேன். அந்தச் சொல் ‘டைட்’. நம்மூர்த் தையற்காரர் சட்டையைப் பற்றிச் சொல்லும் டைட் அல்ல. ஐந்தாம் பாரத்தில் ‘கடல்நீர் ஏறி இறங்குதல்’ என்று தாங்கள் கரும்பலகையில் எழுதி, இரண்டு மார்க்குக்காக நாங்கள் நெட்டுருப் போட்ட அந்த டைட்.

தங்கள் மீது குற்றமில்லை. நாகப்பட்டினத்துச் சமுத்திரம் சாதாரணமாக மூன்றடிக்கு மேல் ஏறி இறங்காத சாதுவான சமுத்திரம். அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல்லும் மூன்றடிச் சொல்லாகவே இருந்துவிட்டது. ராஜா ராம்மோகன் ராய் 1833-ல் கண்மூடிய இந்த ஊருக்கு வந்த மறுநாள் காலையில், ஏவான் நதியின் மேலே உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பாலத்தில் நின்று குனிந்து பார்த்தால், கீழே நதியைக் காணோம். இருபுறமும் வழவழவென்று சேறு, நடுவே ஓடை போல ஒரு கோடு, சேற்றில் எருமை படுத்தாற்போலச் சாய்ந்து கிடந்த ஒரு படகு, இவ்வளவுதான். மத்தியானம் அதே இடத்தில் போய் நின்றால் நதி கரை ததும்ப நிற்கிறது. காலையில் படுத்திருந்த படகு எழுந்து மிதக்கிறது. என்னைத் தவிர யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

சந்திரனும் சூரியனும் கடலை இழுக்கும் இழுப்பு எல்லா ஊருக்கும் பொதுதான் என்றாலும், இங்கே செவர்ன் நதியின் முகத்துவாரம் புனலைப் போல அகன்று தொடங்கிக் குறுகிக்கொண்டே போவதால், உள்ளே நுழைந்த நீர் ஒதுங்க இடமின்றி உயரத்தில் ஏறுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நாற்பது அடி வரைகூட ஏறி இறங்குவதுண்டு. கப்பல்கள் தினம் இரண்டு வேளையும் தரைதட்டுவதைச் சகியாமல், 1809-ல் மதகுகள் அமைத்துத் துறைமுகத்து நீரையே பூட்டி வைத்துவிட்டார்கள்.

இவ்வளவு பெரிய டைடைத் தினம் இரண்டு முறை பார்ப்பவர்கள் அந்தச் சொல்லை ஓர் அர்த்தத்தோடு விட்டுவிடுவார்களா? முதல் மாதச் சம்பளம் வருமுன் கையில் காசு தீர்ந்து நான் விழித்தபோது, வீட்டுக்கார அம்மாள் ஒரு பவுனை நீட்டி, ‘இது உங்களை டைட் ஓவர் செய்யும்’ என்றார். மூழ்கடிக்கும் என்கிறாரோ என்று நான் பின்வாங்க, காற்று விழுந்த வேளையில் ஏறுநீரின் துணையால் கப்பலை நகர்த்திய மாலுமிகளின் பாஷை அது என்றும், இக்கட்டைக் கடத்திவிடும் என்பதே அதற்குப் பொருள் என்றும் விளக்கினார். மாதாகோயில் வாசலில் ‘விட்சன்டைட் ஆராதனை’ என்று அறிவிப்பைக் கண்டு, கடல் கோயில் வரைக்கும் வருமோ என்ற சம்சயத்தில் நான் குடையோடு போய் நின்றதும் உண்டு. அங்கே டைட் என்றால் பண்டிகைக் காலமாம்.

பிறகு அகராதியைப் புரட்டினேன். ஆதியில் அந்தச் சொல்லுக்குக் காலம் என்பதே பொருள். கடல் ஏறும் காலம், இறங்கும் காலம் என்று சொல்லிச் சொல்லிக் காலத்தின் பெயர் நீருக்கு ஒட்டிக்கொண்டது. ஒழுங்கு என்று நாம் படித்த ‘டைடி’ என்ற சொல்லுக்கும் பழைய பொருள் ‘காலத்தோடு’ என்பதே. ஆகவே, ‘டைமும் டைடும் ஒருவருக்காகவும் காத்திரா’ என்று தாங்கள் பிரம்பைத் தட்டிச் சொன்ன பழமொழி காலத்தை இரண்டு தரம் சொல்கிறது. நான் இரண்டு நாள் தாமதமாக வந்ததற்கு இரண்டு அடி கொடுத்தீர்களே, அதன் நியாயம் இப்போதுதான் விளங்குகிறது.

இன்னும் கேளுங்கள். ‘ஸ்பிரிங் டைட்’ வசந்த காலத்துக்கு உரியதன்று. துள்ளி எழுவது என்ற பொருளில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வருடம் முழுவதும் வருவது. ‘கரண்ட் பலமாக இருக்கிறது, நீந்தாதீர்கள்’ என்ற பலகையைக் கண்டு, தண்ணீரில் மின்சாரக் கம்பி அறுந்து விழுந்ததோ என்று நான் தேடினேன். நம் ஊரில் கரண்ட் போகும், வரும், பலமாக இருந்ததாக யாரும் சொன்னதில்லை. கடலேற்றம் நதியை எதிர்த்துச் சுவர் போல ஓடி வரும் அலைக்கு ‘போர்’ என்று பெயர். அதைக் காண குளஸ்டர் பக்கம் ஒரு சக ஊழியருடன் ஆற்றங்கரைக்குப் போனேன். அவர் தம் ரோஜாச் செடிகளுக்கு இட்ட எருவைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தங்களையும் ஒரே கரையில் கற்றேன். நதியின் போர், அட்டவணையில் அச்சிட்ட வேளைக்குச் சற்று முன்பின்னாக வந்தது, இரைந்தது, போய்விட்டது.

நேற்று வீட்டுக்கார அம்மாள், ‘உங்கள் பாஷையில் டைடுக்கு என்ன பெயர்?’ என்று கேட்டார். ‘ஓதம்’ என்றேன். எங்கள் சொல்லும் இளைத்ததன்று என்று காட்டும் ஆவலில், கடல் ஓதம், அலை ஓதம் என்று அடுக்கி, வைத்தியர்கள் அறிந்த மற்றோர் அர்த்தத்தை மரியாதை கருதி விழுங்கி, கடைசியாக, சுவரில் ஏறும் ஈரமும் ஓதமே என்று சொல்லி, உதாரணத்திற்கு என் அறைச் சுவரையே காட்டினேன். ஆறு மாதமாகத் தரையிலிருந்து என் தலையணை உயரத்துக்குப் பச்சை பூத்து ஏறியிருக்கும் அந்த ஈரத்தைப் பற்றி மூன்று முறை நயமாக முறையிட்டு, மூன்று முறையும் ‘எல்லாம் சீதோஷ்ணம்’ என்ற பதிலே பெற்றவன் நான். அம்மாள் சுவரை வெகுநேரம் பார்த்தார். இன்று ஞாயிறென்றும் பாராமல் காலையில் கொத்தனார் வந்துவிட்டார். அவரிடம் அம்மாள், ‘இவர்கள் தேசத்தில் கடலுக்கும் இந்தச் சுவருக்கும் ஒரே பெயராம்’ என்று கவலையோடு சொன்னது என் காதில் விழுந்தது.

பூச்சு உலரும்வரை கூடத்தில்தான் எனக்குப் படுக்கை. அதுவரை டைட் ஓவர் செய்ய ஒரு கம்பளி கொடுத்திருக்கிறார். நம் வீட்டுச் சமையற்கட்டுச் சுவரில் ஓதம் இப்போது எவ்வளவு உயரம் என்று மாமியைக் கேட்டு எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மருமான்