வாசகசாலையில் தனி ஆவர்த்தனம்

வாஷியில் எங்கள் வட்டாரத்துத் தமிழர்கள் கூடி நடத்திவரும் சிறு வாசகசாலையில் இனி மாதந்தோறும் ஒரு மாலை கச்சேரி நடைபெறும் என்றும், பழைய நூல்கள் யாவும் ஸ்கேன் செய்யப்பட்டு மின்னூல்களாகும் என்றும் நிர்வாகக் குழு ஒரே சுற்றறிக்கையில் அறிவித்தபோது, அந்த வாசகசாலை எந்தத் தெருவில் இருக்கிறதென்றே அதுவரை அறியாதிருந்த அன்பர்கள்கூட, ஆட்சேபணை தெரிவிக்கும் பொருட்டு விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

"நூலகத்துக்கு மௌனமே பூஷணம், அங்கே மிருதங்கமா?" என்று முதலில் கேட்டவர், தினசரியின் தலையங்கத்தை உரக்கப் படித்து, அதற்குரிய மறுப்பையும் உரக்கவே சொல்லும் வழக்கமுடைய பெரியவர். சீர்காழியில் 1892இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், பிற்காலத்தில் இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்பட்ட மகான், தொடக்கத்தில் அந்த ஏகாந்தம் சகிக்காமல் பழைய வாத்தியார் உத்தியோகத்துக்கே திரும்ப விரும்பினார் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். லண்டனுக்குப் போய், சகலவித ஜனங்களும் நூலகங்களில் புழங்குவதைக் கண்ட பிறகுதான் ரங்கநாதனுக்கே நூலகத்தின்மேல் பக்தி பிறந்தது.

மேலும், நல்ல கச்சேரி கேட்பதற்கு நாங்கள் தாணே கடற்கழியைத் தாண்டிச் சண்முகானந்தா அரங்கம் வரை போகவேண்டியிருக்கிறது. 1992இல் வாஷிக்கு ரயில் வந்தது பேருபகாரமே என்றாலும், திரும்பும் வண்டியை எண்ணித் துக்கடாக்களைத் தியாகம் செய்த ரசிகர்கள் இங்கே அநேகர். ஆகவே முதல் கச்சேரிக்கே கூட்டம் நிரம்பிவிட்டது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும், சபா சம்பிரதாயத்தை மீறாமல் ஒரு கோஷ்டி எழுந்து கேன்டீனைத் தேடிற்று. கேன்டீன் இல்லாமையால் அலமாரிகளின் பக்கம் ஒதுங்கிற்று. ஒதுங்கியவர்கள், கை சும்மா இருக்கக் கூடாதே என்று புத்தகங்களைப் புரட்டி, சிலர் இரவலும் வாங்கிப் போனார்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்கவேண்டும் என்பது ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று. மிருதங்க வித்வான் அதை நிறைவேற்றி வைப்பார் என்று அவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

மின்னூல் விஷயத்தில், "புத்தக வாசனை போய்விடுமே!" என்று பலரும் வருந்தினார்கள். பம்பாய் மழைக்காலத்தில் எங்கள் அலமாரியைத் திறந்து பார்த்தவர் எவரும் அந்த வாசனைக்காக வாதாடமாட்டார். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும், 1992இல் அவர் காலமான பின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆதரவால் பிழைத்து, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அங்கே அவற்றை மைக்ரோபிலிமில் பதித்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்குமுள்ள தமிழர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். இவற்றின் முன்னே எங்கள் முயற்சி மிகச் சிறியது. ஆயினும் அதற்கு வந்த இடையூறு பெரியது.

ஸ்கேனர் வந்தது, புத்தகங்கள்தாம் வரவில்லை. இரவல் பதிவேட்டைப் பரிசோதித்ததில், அருமையான பிரதிகள் அனைத்தும் அங்கத்தினர் இல்லங்களில் பல்லாண்டுகளாகச் சுகவாசம் செய்வது வெளிப்பட்டது. காரியதரிசி வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, ஒரு கனவான், "ஸ்கேன் ஆனதும் பத்திரமாகத் திருப்பித் தந்துவிட வேண்டும்" என்று நிபந்தனை விதித்து, வாசகசாலையின் சொந்தப் புத்தகத்துக்கு வாசகசாலையிடமே ரசீதும் பெற்றுக்கொண்டார். எவரும் வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொள்ள இயலாது என்பதே மின்னூலின் தலையாய சிறப்பு என்று அன்றைக்குத் தெளிந்தோம்.

ஆகையால் வாஷி அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த கச்சேரிக்கு அவசியம் வாருங்கள், வரும்போது, எங்கள் முத்திரை குத்திய புத்தகம் உங்கள் அலமாரியில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். அபராதம் கிடையாது, ரசீதும் கிடையாது.