பாய் ஏமாற்றும், மணல் ஏமாற்றாது

கேள்வி: ஐயா, அக்டோபர் பிறந்தால் ரவாங்கில் மதியமானதும் இடி மழை. கோல்ஃப் திடலுக்குப் போக முடிவதில்லை. பந்தைச் சுத்தமாக அடிக்கும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க என்ன வழி?
– வாசகர், ரவாங்

பதில்: ஸ்வீடன்காரருக்குப் பனி செய்வதை நமக்கு மழை செய்கிறது. ஸ்கோரை மறக்கச் செய்து, அடியைக் கவனிக்க வைக்கிறது.

கூரை போட்ட ரேஞ்சில் நூறு பந்தை விளாசித் தள்ளுவது பயிற்சி ஆகாது. அங்கே விரித்திருக்கும் செயற்கைப் புல் பாய் வேறு ஏமாற்றும். பந்தைத் தொடுமுன் தரையைத் தட்டினாலும் மட்டை வழுக்கிப்போய்ப் பந்தைத் தூக்கிவிடும், நீங்களும் மகிழ்ந்துபோவீர்கள். அதே அடி டெம்ப்ளர் பார்க், தாசிக் புத்ரி திடல்களின் ஈரப் புல்லில் சேற்றைத்தான் வாரும்.

மழையில்லாத காலையில் பயிற்சி மணல்குழிக்குப் போங்கள். ஒரு கோடு கிழியுங்கள். பந்து வேண்டாம். அரை வீச்சு வீசினால் மணல் கோட்டிலிருந்து இலக்குப் பக்கமாகப் பெயர வேண்டும். கோட்டுக்கு வலப்பக்கம் பெயர்ந்தால், வலக்கைக்காரரான உங்கள் எடை பெரும்பாலும் வலது காலிலேயே தங்கிவிட்டது. பத்துக்கு எட்டு சரியாக வரும்வரை முழு வீச்சு கூடவே கூடாது.

ரேஞ்சில் மட்டை முகத்தில் காலுக்குப் போடும் பவுடரைக் கொஞ்சம் தூவுங்கள். பந்து மட்டையோடு ஒட்டியிருப்பது நொடியில் ஏறக்குறைய 2,000-இல் ஒரு பங்கு. கண்ணுக்குத் தப்பியதைப் பவுடரில் விழும் வட்டம் காட்டிக்கொடுக்கும்.

வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 பந்து போதும். கடைசிப் பத்தில் ஒவ்வொரு பந்துக்கும் மட்டையையும் இலக்கையும் மாற்றுங்கள்.

இடிச் சத்தம் கேட்டால் மட்டும், சைரனுக்குக் காத்திராமல் உள்ளே ஓடிவிடுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு மின்னலுக்குப் பேர்போனது.